பழைய காரில் சமமட்டக் கண்ணாடி: ஒரு விவாதத்தின் மதிப்பாய்வு

காரின் கண்ணாடியை உடற்தகட்டில் எப்படிப் பிடித்து நிறுத்துவது என்ற கேள்விக்கு மோட்டார் வாகனத் தொழில் இதுவரை நான்கு முக்கிய விடைகளைத் தந்திருக்கிறது. மரச்சட்டத்திலோ பித்தளைச் சட்டத்திலோ செருகுவது முதல் விடை. ரப்பர் பீடிங்கால் கவ்விப் பிடிப்பது இரண்டாவது. பசையால் ஒட்டி, விளிம்பைப் பளபளப்பான உலோகப் பட்டையால் மூடுவது மூன்றாவது. பசையால் ஒட்டுவதோடு, கண்ணாடியின் வெளிமுகமும் தகட்டின் வெளிமுகமும் ஒரே மட்டத்தில் நிற்கும்படி அமைப்பது நான்காவது. இன்று தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் கார்களில் மிகப் பெரும்பாலானவை நான்காவது விடையைப் பின்பற்றுகின்றன.

முதல் மூன்று விடைகளின் காலத்தில் பிறந்த ஒரு காரை நான்காவது விடைக்கு மாற்றலாமா என்பதே இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. அமெரிக்காவில் 1960களின் கமேரோ கார்களையும் செவ்ரோலே பிக்கப் வண்டிகளையும் புதுக்கும் பட்டறைகளில் இது அன்றாடப் பேச்சு. பழைய கார் ஆர்வலர்கள் உள்ள பிற நாடுகளுக்கும் இந்தக் கேள்வி பரவியிருக்கிறது. ஆதரிப்பவர்கள் பாதுகாப்பையும் அழகையும் காற்றியக்கத்தையும் சொல்கிறார்கள். எதிர்ப்பவர்கள் வரலாற்றையும் பழுதுபார்க்கும் வசதியையும் சொல்கிறார்கள். இரு தரப்பின் வாதங்களும் எங்கிருந்து வந்தன, எந்த இடத்தில் வலுவிழக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## சட்டத்திலிருந்து பசை வரை

தொடக்ககாலக் கார்களில் முன்கண்ணாடியே இல்லை. பிறகு வந்தது சாதாரணத் தட்டைக் கண்ணாடி. காற்றையும் புழுதியையும் தடுத்தாலும், மோதலில் அது கத்திமுனைத் துண்டுகளாக உடைந்தது. பிரெஞ்சு வேதியியலாளர் எதுவார் பெனெதிக்தஸ் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே செல்லுலாய்டு படலத்தை வைத்து ஒட்டும் முறைக்கு 1909-இல் காப்புரிமை கோரினார். இதுவே இன்றைய லேமினேட்டட் கண்ணாடியின் தொடக்கம். 1927-இன் இறுதியில் அறிமுகமான ஃபோர்டு மாடல் ஏ காரின் முன்கண்ணாடி வழியாக அது பெருவாரி உற்பத்திக்குள் நுழைந்தது. நாள்பட மஞ்சளித்த, செல்லுலாய்டு போன்ற செல்லுலோஸ் வகைப் படலங்களின் இடத்தை 1930களின் பிற்பகுதியில் பாலிவினைல் பியூட்டிரால் பிடித்தது. 1960களின் நடுவில் அமெரிக்கக் கார்களில் அந்தப் படலம் 0.76 மி.மீ. கனத்துக்குத் தடித்தது. தலை மோதினாலும் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வெளியேறாமல் தடுப்பதே இதன் நோக்கம்.

கண்ணாடியின் வடிவமும் மாறியது. 1934-இல் கிரைஸ்லரின் இம்பீரியல் ஏர்ஃப்ளோ வரிசையில் மிக விலையுயர்ந்த கார், ஒரே துண்டாக வளைத்த முன்கண்ணாடியோடு வந்தது. வளைந்த கண்ணாடிக்கு நேர்ச்சட்டம் உதவாது. வளைவோடு வளைந்து, தகட்டின் ஏற்ற இறக்கங்களை விழுங்கி, தண்ணீரையும் தடுக்கிற ஒரு பொருள் தேவைப்பட்டது. அந்த வேலையை ரப்பர் பீடிங் செய்தது. ஒருபுறக் காடியில் தகட்டின் விளிம்பு, மறுபுறக் காடியில் கண்ணாடியின் விளிம்பு, இரண்டையும் இறுக்க நடுவில் ஒரு பூட்டுப்பட்டை என்பது இதன் அமைப்பு. 1959-இல் வந்த மினி முதல் நம் சாலைகளில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிய அம்பாசடர், பிரீமியர் பத்மினி வரை எண்ணற்ற கார்களின் முன்கண்ணாடி ரப்பர் பீடிங்கில்தான் நின்றது.

1960களில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் ஒட்டுபொருளுக்கு மாறத் தொடங்கின. முதலில் பாலிசல்ஃபைடும் பியூட்டைல் நாடாவும் பயன்பட்டன. பின்னர் யூரித்தேன் நிலைபெற்றது. ஆனால் அன்று ஒட்டப்பட்ட கண்ணாடிகள் சமமட்டத்தில் நிற்கவில்லை. 1967 முதல் 1969 வரையிலான கமேரோவில் கண்ணாடி ஒரு பள்ளத்தில் அமர்ந்திருக்கும். அந்தப் பள்ளத்தைக் கிளிப்களில் மாட்டிய உலோகப் பட்டை மூடியிருக்கும். 1982-இல் வந்த மூன்றாம் தலைமுறை அவுடி 100, பக்கக் கண்ணாடிகளையும் தகட்டோடு ஏறக்குறைய ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, 0.30 என்ற காற்றுத்தடைக் கெழுவை எட்டியது. சமமட்டக் கண்ணாடி பொதுவழக்காக மாற அந்தக் கார் பெரிய தூண்டுதலாக இருந்தது.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒட்டுவது ஒரு முடிவு. சமமட்டத்தில் வைப்பது வேறொரு முடிவு. ஒட்டிய கண்ணாடி பள்ளத்திலும் இருக்கலாம் என்பதற்குக் கமேரோவே சான்று. இன்றைய விவாதத்தின் குழப்பங்களில் பாதி, ஒட்டுவதற்கான காரணங்களைச் சமமட்டத்துக்கான காரணங்களாகக் காட்டுவதால் வருகிறது.

## மூலவடிவம் காப்போரின் நிலைப்பாடு

எதிர்ப்பில் மிகத் தெளிவான குரல் மூலவடிவம் காப்போருடையது. பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபீவா 1966-இல் தொடங்கப்பட்டது. அது உருவாக்கிய டூரின் சாசனம், கட்டடப் பாரம்பரியத்துக்கான 1964-ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தின் சிந்தனையைப் பழைய வாகனங்களுக்குக் கொண்டுவந்தது. தவிர்க்க முடியாத மாற்றம் கண்ணை உறுத்தாததாக இருக்க வேண்டும், பின்னாளில் மூலநிலைக்குத் திருப்பக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

இந்த அளவுகோலால் அளந்தால், ரப்பர் பீடிங்கை மாற்றுவது பராமரிப்பு. பீடிங்குக்குள் கொஞ்சம் அடைப்புப் பசை இடுவது சிறு தலையீடு. சமமட்டப் பொருத்தமோ பெரும்பாலும் கண்ணாடி அமரும் விளிம்பையே மாற்றுகிறது. பள்ளத்தை நிரப்ப இரும்புக் கம்பியையோ தகட்டுக் கீற்றையோ வெல்டு செய்து, தேய்த்து, பட்டி பூசி, பெயின்ட் அடிக்க வேண்டியிருக்கிறது. பட்டைகளைத் தாங்கிய பிடிகள் நீங்குகின்றன. திருப்ப முடியாத மாற்றம் என்ற மூலவடிவம் காப்போரின் குற்றச்சாட்டு இங்கே பொருந்துகிறது.

இந்த நிலைப்பாட்டின் வலிமை அதன் காலப்பார்வையில் இருக்கிறது. இன்றைய உரிமையாளர் ஒரு நீண்ட சங்கிலியில் ஒருவர் மட்டுமே. அவருடைய ரசனை அடுத்தவரின் வாய்ப்பை அடைத்துவிடக் கூடாது என்பது நேர்மையான வாதம்.

பலவீனங்களும் உண்டு. எல்லாக் கார்களும் ஒரே அளவுக்கு அரியவை அல்ல. பல லட்சக்கணக்கில் தயாரான ஒரு மாதிரியின் சிதைந்த உடலைப் புதுத் தகடுகளால் மறுபடி எழுப்பும்போது, அதில் காப்பதற்கு எவ்வளவு மூலப்பொருள் மிஞ்சியிருக்கிறது என்ற கேள்வி எழுகிறது. இரண்டாவதாக, மாற்றமே வரலாறாக ஆவதுண்டு. பாரிஸ் சகோதரர்களின் கலிபோர்னியப் பட்டறை 1951-ஆம் ஆண்டு மெர்குரி காரை மாற்றி உருவாக்கிய ஹிரோஹாட்டா மெர்க், இன்று அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் இடம்பெற்றிருக்கிறது. அதன் மதிப்பு முழுவதும் மாற்றத்தில்தான் இருக்கிறது. ஆகவே மூலவடிவம் காக்கும் நோக்கு, எந்தக் காரைக் காக்க வேண்டும் என்ற முன்கேள்விக்கு விடை சொன்ன பிறகே முழு வலிமை பெறும்.

## பாதுகாப்பு வாதம்

மாற்றத்தை ஆதரிப்போர் முதலில் எடுத்துவைப்பது உயிர்ப் பாதுகாப்பு. இங்கே கருத்து வரலாறு முழுத்திருப்பம் கண்டிருக்கிறது. 1948-இல் டக்கர் கார், மோதலின்போது முன்கண்ணாடி முழுதாக வெளியே தெறிக்க வேண்டும் என்று திட்டமிட்டு வடிவமைக்கப்பட்டது. தலை மோதும் இடத்தில் கண்ணாடி இல்லாமல் போனால் காயம் குறையும் என்பது அன்றைய எண்ணம். 1950களில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் மோதல் காய ஆய்வுகள் வேறொரு படத்தைக் காட்டின. வண்டியை விட்டு வெளியே தூக்கி எறியப்பட்டவர்கள், உள்ளேயே இருந்தவர்களைவிட உயிரிழக்கும் வாய்ப்பு மிக அதிகம் என்பது தெரியவந்தது. கண்ணாடி வெளியே போவதைவிட இடத்திலேயே நிற்பதுதான் நல்லது என்ற முடிவுக்குத் துறை வந்தது.

அமெரிக்காவின் 212-ஆம் எண் கூட்டாட்சிப் பாதுகாப்புத் தரம் அந்த முடிவின் சட்ட வடிவம். 1970 முதல் நடைமுறைக்கு வந்த அது, மணிக்கு ஏறத்தாழ 48 கி.மீ. வேகத்தில் தடுப்புச் சுவரில் மோதும் சோதனையில் முன்கண்ணாடியின் சுற்றளவில் குறைந்தது 75 சதவீதம் பிடிவிடாமல் நிற்க வேண்டும் என்றது. தானியங்கிக் காப்பு அமைப்பு உள்ள கார்களுக்கு அளவு வேறு. பின்னர் முன்பயணி ஏர்பேக் வந்தபோது, அது விரிகையில் சாய்ந்துகொள்ளும் தளமாகவும் பல கார்களில் முன்கண்ணாடி பயன்பட்டது. உடலின் முறுக்கு விறைப்பிலும் ஒட்டிய கண்ணாடிக்குப் பங்கு உண்டு.

இவை அனைத்தும் உண்மை. ஆனாலும் பழைய காருக்கு இவை எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதில் கவனம் தேவை. மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, ரப்பர் பீடிங் என்றாலே தரத்தில் தோல்வி என்று பொருள் அல்ல. ஃபோக்ஸ்வாகன் பீட்டில், 212-ஆம் தரம் நடைமுறையில் இருந்த 1970களிலும் ரப்பர் பீடிங்கோடுதான் அமெரிக்காவில் விற்பனையானது. நன்றாக வடிவமைத்த பீடிங், புதியதாக இருக்கும்வரை, கண்ணாடியை உறுதியாகவே பிடித்திருக்கிறது.

இரண்டாவது, கண்ணாடியை உடலின் விறைப்புக்கு உதவும் உறுப்பாகக் கணக்கிட்டு வடிவமைத்த கார் வேறு, அதைக் கணக்கில் சேர்க்காமல் வடிவமைத்த கார் வேறு. ஏர்பேக் இல்லாத காரில் ஏர்பேக்குக்குத் தளம் என்ற வாதத்துக்கு இடமில்லை.

மூன்றாவது, பாதுகாப்பே நோக்கம் என்றால் வரிசை முக்கியம். மூன்றுபுள்ளி இருக்கைப் பட்டை 1959-இல் வால்வோ காரில் வந்தது. அது இல்லாத பழைய காரில், உரிய வலுவூட்டலோடு அதைப் பொருத்துவதும் பிரேக்கைச் சீராக்குவதும் கண்ணாடியைச் சமமட்டமாக்குவதைவிடப் பன்மடங்கு பயன் தரக்கூடியவை.

எல்லாவற்றுக்கும் மேலாக, பாதுகாப்பு வாதம் ஒட்டுவதற்கான வாதம் மட்டுமே. பள்ளத்தில் ஒட்டிய கண்ணாடிக்கும் சமமட்டத்தில் ஒட்டிய கண்ணாடிக்கும் பிடிமானத்தில் வேறுபாடு இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

## காற்றியக்க வாதம்

அவுடி 100-இன் வெற்றியைக் காட்டிப் பழைய காரிலும் காற்றுத்தடை குறையும், இரைச்சல் அடங்கும் என்பது இன்னொரு வாதம். அந்தக் காரில் கண்ணாடி மட்டும் தனியே வேலை செய்யவில்லை. மூக்கு, கூரை, பின்முனை, அடித்தளம், சக்கர மூடி எல்லாம் ஒரே நோக்கத்தோடு வடிக்கப்பட்டிருந்தன. பீட்டிலின் காற்றுத்தடைக் கெழு 0.48 அளவில் சொல்லப்படுகிறது. அதன் பெரும்பகுதி காற்று உடலின் பின்புறத்தில் பிரிந்து சுழல்வதால் வருவது. முன்கண்ணாடியின் விளிம்பிலுள்ள சில மில்லிமீட்டர் படியை நீக்குவது அந்தக் கணக்கைப் பெரிதாக மாற்றும் என்று எதிர்பார்க்க முடியாது. காற்றின் எதிர்விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. நிதான வேகத்தில் ஓட்டப்படும் பழைய காரில் ஆதாயம் இன்னும் சுருங்குகிறது.

இரைச்சலைப் பொறுத்தவரை வாதம் சற்று வலுவானது. காற்றின் இரைச்சல் வேகத்தோடு மிக விரைவாக ஏறக்கூடியது. விளிம்பிலுள்ள படிகளும் இடுக்குகளும் அதைப் பெருக்குகின்றன. எனினும் முன்தூணில் சுருண்டு எழும் சுழல் கதவுக் கண்ணாடியில் மோதுவதே கார்களில் காற்றிரைச்சலின் முக்கிய ஊற்றுகளில் ஒன்று. 1960களின் கார்களில் கூரையோரம் மழைநீரை வழிநடத்தும் துருத்திய காடியும் உண்டு. அதையும், தளர்ந்த கதவு ரப்பரையும் அப்படியே விட்டுவிட்டு முன்கண்ணாடியை மட்டும் மட்டமாக்கினால் காதுக்குக் கிடைக்கும் வேறுபாடு சிறிதாகவே இருக்கும்.

கதவுக் கண்ணாடியைச் சமமட்டமாக்குவது தனிச் சிக்கல். ஏறி இறங்கும் கண்ணாடிக்கு வெளிப்புறச் சட்டம் இல்லாமல் போனால், உள்ளிருந்து பிடிக்கும் வழிகாட்டி வேண்டும். அவுடி அதைக் கண்ணாடியின் விளிம்பில் ஒட்டிய முளைகளை உள்ளே மறைந்த தடத்தில் ஓடவிட்டுத் தீர்த்தது. பழைய கதவில் அத்தகைய ஏற்பாட்டுக்கு இடம் இல்லை. அதனால்தான் பட்டறைகளில் நடக்கும் மாற்றங்கள் பெரும்பாலும் முன்கண்ணாடி, பின்கண்ணாடி, அசையாத பக்கக் கண்ணாடி ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன.

## அழகியல் வாதம்

உண்மையில் இந்த மாற்றத்தை உந்துவது பெரும்பாலும் அழகுணர்வுதான். அதற்கும் மரியாதைக்குரிய மரபு உண்டு. 1940களிலும் 1950களிலும் கலிபோர்னியக் கைவினைஞர்கள் கார்களின் பளபளப்புப் பட்டைகளையும் கைப்பிடிகளையும் சின்னங்களையும் நீக்கி, துளைகளை ஈயத்தால் நிரப்பி, விளக்குகளைத் தகட்டுக்குள் இறக்கிவைத்தார்கள். தகட்டின் ஓட்டத்தைக் கண் தடையின்றித் தொடர வேண்டும் என்பதே அவர்களின் இலக்கு. சமமட்டக் கண்ணாடி அந்த மரபின் நேரடி வாரிசு. ஈயத்துக்குப் பதிலாக யூரித்தேன் வந்திருக்கிறது.

அழகை அழகு என்றே ஒப்புக்கொள்ளும்போது இந்த நிலைப்பாடு வலுவாக நிற்கிறது. நன்கு செய்யப்பட்ட சமமட்டக் கண்ணாடி ஒரு காரின் முகத்தையே மாற்றிவிடும். கண்ணாடிக்கும் தகட்டுக்கும் நடுவே நான்கைந்து மில்லிமீட்டர் இடைவெளி சுற்றிலும் சீராக ஓடுவதைப் பார்க்கும் யாருக்கும் அதன் பின்னாலுள்ள உழைப்பு புரியும்.

மறுபக்கத்தில், காரை முதலில் வடித்தவரின் எண்ணம் இருக்கிறது. கண்ணாடியைச் சுற்றிய பளபளப்புப் பட்டை பல கார்களில் வெறும் மூடி அல்ல. கூரையின் மெலிவையும் தூணின் சாய்வையும் எடுத்துக்காட்டும் கோடு அது. அதை நீக்கினால் கூரை கனத்துத் தெரியும் கார்களும் உண்டு. ஆகவே எல்லாக் காருக்கும் ஒரே தீர்ப்பு சொல்ல முடியாத களம் இது.

## பட்டறை சொல்லும் உண்மைகள்

கொள்கை அளவில் யார் வென்றாலும், கடைசிச் சொல் செய்முறையுடையது. விவாதத்தில் போதிய இடம் பெறாத ஐந்து செய்திகள் இங்கே உண்டு.

முதலாவது அளவுப்பிழை. வளைந்த கண்ணாடியை உலையில் வளைக்கும்போது ஒன்றுக்கொன்று சிறு வேறுபாடு வருவது இயல்பு. பழைய மாதிரிகளுக்காக இன்று தயாராகும் மாற்றுக் கண்ணாடிகளில் அது கூடுதலாகவே இருக்கலாம். உடற்தகடும் காருக்குக் கார் வேறுபடும். ரப்பரும் பட்டையும் இந்தப் பிழைகளைத் தம்முள் வாங்கி மறைத்தன. சமமட்டப் பொருத்தத்தில் மறைக்க எதுவும் இல்லை. ஆகவே கையில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட கண்ணாடிக்கு ஏற்பத் தகட்டின் விளிம்பு கட்டப்படுகிறது. நாளை ஒரு கல் தெறித்து அந்தக் கண்ணாடி உடைந்தால், கடையில் வாங்கும் அடுத்த கண்ணாடி அதே விளிம்பில் அதே அழகோடு அமரும் என்பதற்கு உறுதி இல்லை.

இரண்டாவது கண்ணாடியின் வகை. லேமினேட்டட் கண்ணாடியை இருபுறமும் கீறி, நடுப்படலத்தை அறுத்து, தேவையான அளவுக்கு வெட்ட முடியும். பெரும்பாலான பின்கண்ணாடிகளும் பக்கக் கண்ணாடிகளும் டெம்பர் செய்தவை. அவற்றை வெட்ட முயன்றால் நொறுங்கிவிடும். ஆகவே பின்புறத்தில் கண்ணாடிக்கு ஏற்பத் தகட்டை மாற்ற வேண்டும், அல்லது புதிதாக ஒன்றைச் செய்விக்க வேண்டும். சிலர் பாலிகார்பனேட் தகட்டை நாடுகிறார்கள். அங்கே வெப்பவிரிவு குறுக்கே நிற்கிறது. ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடினால் கண்ணாடி ஏறத்தாழ 9 மைக்ரோமீட்டர் நீளும். இரும்பு 12, அலுமினியம் 23, பாலிகார்பனேட் 65 முதல் 70 மைக்ரோமீட்டர் நீளும். 1.4 மீட்டர் அகலமுள்ள ஒரு தகடு 50 டிகிரி சூடேறினால், இரும்பு உடலுக்கும் கண்ணாடிக்கும் இடையிலான வேறுபாடு கால் மில்லிமீட்டரை எட்டாது. மீள்தன்மையுள்ள யூரித்தேன் அதை எளிதாகத் தாங்கும். அலுமினிய உடல் என்றால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். இரும்பு உடலில் பாலிகார்பனேட் தகடு என்றால் நான்கு மில்லிமீட்டரை நெருங்கும். அதற்கென்று பசையின் கனத்தையும் இடைவெளியையும் கணக்கிட்டாக வேண்டும்.

மூன்றாவது முறுக்கம். தனிச் சேஸிஸின் மேல் உடலை அமர்த்திய வண்டிகள் மேடுபள்ளத்தில் அதிகம் நெளியக்கூடியவை. அமெரிக்கப் பிக்கப் வண்டிகளும், ஒருகாலத்தில் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் இந்த வகை. ரப்பரில் மிதக்கும் கண்ணாடி அந்த நெளிவிலிருந்து ஓரளவு தப்பிக்கிறது. ஒட்டிய கண்ணாடி அந்த விசையைத் தானும் சுமக்கிறது. பசையின் கனம் குறைந்து, கண்ணாடி ஏதேனும் ஓர் இடத்தில் இரும்பைத் தொட்டால் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். பசைக்குப் பொதுவாக 3 மி.மீ.க்குக் குறையாத கனம் வேண்டும் என்று சொல்லப்படுவது இதனால்தான்.

நான்காவது ஒட்டும் தளம். பசையின் வலிமை, அது பிடித்திருக்கும் அடியடுக்கின் வலிமையைத் தாண்டாது. சுத்தமான தகடு, அதன்மேல் உரிய பிரைமர், அதன்மேல் பசை என்ற வரிசையில் ஒட்டினால் பிடிமானம் உண்டு. மட்டம் சரிசெய்ய விளிம்பில் கனமாகப் பட்டி பூசி, அதன்மேல் மினுக்குப் பெயின்ட் அடித்து, அந்தப் பெயின்டின் மேல் ஒட்டினால், மோதலில் பசை விடுவதற்கு முன்பே பட்டி உரிந்துவிடலாம். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பாதுகாப்புக்காக என்று சொல்லிச் செய்யும் மாற்றம் பாதுகாப்பையே குறைக்கும் இடம் இது. இந்த விவாதத்தில் மிகக் கடுமையாக எச்சரிக்க வேண்டிய புள்ளியும் இதுவே.

ஐந்தாவது வெயில். புதிய கார்களின் கண்ணாடி ஓரத்தில் தெரியும் கறுப்புப் பட்டை, கண்ணாடியோடு சேர்த்துச் சுடப்பட்ட பீங்கான் பூச்சு. அது பசையை மறைப்பதோடு புறஊதாக் கதிரிலிருந்தும் காக்கிறது. பழைய மாதிரிக் கண்ணாடிகளில் இது இல்லை. உலோகப் பட்டையை நீக்கிவிட்டால் யூரித்தேன் நேரடியாக வெயிலில் கிடக்கும். கதிரைத் தடுக்கும் கறுப்பு பிரைமரை ஓரத்தில் பூசுவது வழக்கமான தீர்வு. சுட்ட பூச்சின் ஆயுளை அது எட்டுமா என்பது ஐயத்துக்குரியது.

## துரு: இரு தரப்பும் அழைக்கும் சாட்சி

ரப்பர் பீடிங்குக்கு அடியில் தண்ணீர் தேங்கித் தகட்டை அரிக்கும் என்பது ஆதரவாளர்களின் வலுவான சான்று. பழைய கார்களின் முன்கண்ணாடிக் கீழ்மூலைகள் துருப்பிடிப்பதற்குப் பெயர்போனவை. உலோகப் பட்டைகளைத் தாங்கும் கிளிப்கள் பெயின்ட்டைக் கீறி, அங்கிருந்தும் துரு தொடங்குகிறது. பட்டையும் பள்ளமும் இல்லாத சமமட்டப் பொருத்தத்தில் தண்ணீர் தங்கும் இடம் குறைகிறது என்பது சரி.

பசையும் குறையற்றதல்ல. பசைக்கு அடியில் ஒரு கீறல் பிரைமர் பூசப்படாமல் விடப்பட்டால், துரு கண்ணுக்குத் தெரியாமல் பரவும். ரப்பரைத் தூக்கிப் பார்ப்பதுபோல் பசையைத் தூக்கிப் பார்க்க முடியாது. கம்பியால் அறுத்துத்தான் கண்ணாடியை எடுக்க வேண்டும். எடுக்கும்போது கண்ணாடியோ பெயின்ட்டோ சேதமடையக்கூடும். ரப்பரின் குறை வெளிப்படையானது, பசையின் குறை மறைவானது. ஓசோனை எதிர்க்கும் இபிடிஎம் ரப்பரில் செய்த தரமான பீடிங், முந்தைய இயற்கை ரப்பரைவிட நீடிப்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். துரு என்ற சாட்சி எந்தத் தரப்புக்கும் முழுச் சாதகமாகப் பேசவில்லை.

## சட்டத்தின் பார்வை

சட்டங்கள் கண்ணாடியைக் குறிவைத்து எழுதப்படாவிட்டாலும் இந்த மாற்றத்தைத் தொடுகின்றன. ஜெர்மனியில் 1997 முதல் வழங்கப்படும் எச் எழுத்துப் பதிவெண், குறைந்தது 30 ஆண்டு பழமையும் ஏறக்குறைய மூலநிலையும் உள்ள வாகனங்களுக்கானது. பிரிட்டனில் 2018 மே மாதம் முதல் 40 ஆண்டைக் கடந்த, பெரிதாக மாற்றப்படாத வாகனங்களுக்கு ஆண்டுச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு.

இந்தியாவில் 2021 ஜூலையில் வந்த மோட்டார் வாகன விதித்திருத்தம், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டைக் கடந்த இருசக்கர, நான்குசக்கர வாகனங்களை விண்டேஜ் வகையாக வரையறுத்தது. மூலவடிவில் இருக்க வேண்டும், சேஸிஸ், உடற்கூடு, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. அத்தகைய வாகனத்துக்குப் பதிவெண்ணில் விஏ என்ற எழுத்துகள் தரப்படுகின்றன. கண்ணாடி விளிம்பில் செய்யும் வெல்டிங் உடற்கூட்டு மாற்றமாகக் கருதப்படுமா என்பது வாகனத்தைப் பார்வையிடும் அதிகாரியின் விளக்கத்தைப் பொறுத்ததாக அமையலாம். பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும், முன்பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் ஒளி ஊடுருவ வேண்டும் என்ற மத்திய மோட்டார் வாகன விதிகளும் உண்டு. தர முத்திரை இல்லாத, தனியாக வெட்டிய கண்ணாடியைப் பயன்படுத்துவோர் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

## இடைவழிகள்

இரு முனைகளுக்கும் நடுவே மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன. பீடிங்கை வைத்துக்கொண்டே, உள்காடியில் கெட்டிப்படாத அடைப்புப் பசையை இடுவது ஒன்று. இது நீர்க்கசிவைத் தடுக்கும். பிடிமானத்தைக் கூட்டும் என்று எண்ணுவது தவறு. மூலப் பள்ளத்திலேயே யூரித்தேனால் ஒட்டி, பழைய பட்டையை மேலே மாட்டுவது இரண்டாவது. ஏற்கெனவே ஒட்டுமுறையில் பிறந்த கமேரோ போன்ற கார்களுக்கு இது மிகப் பொருத்தமானது. பாதுகாப்பு ஆதாயம் கிடைக்கிறது, தோற்றம் மாறுவதில்லை, வெயிலும் பசையைத் தொடுவதில்லை. மூன்றாவது, வெல்டிங் இல்லாமல், ஒட்டுமுறைக்கென்றே சற்றுப் பெரிதாக வெட்டிய கண்ணாடியை மூல விளிம்பின்மேல் வைத்து ஒட்டுவது. முழுச் சமமட்டம் கிடைக்காவிட்டாலும், பின்னாளில் திரும்ப முடிகிறது.

இந்த வழிகளுக்கு எதிராகச் சொல்லப்படுவது, எந்தத் தரப்பையும் அவை முழுதாக நிறைவு செய்வதில்லை என்பதே. ஆனால் பழைய பொருளைக் கையாளும் துறையில் அதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை.

## மதிப்பீடு

நான்கு வாதங்களையும் எடைபோட்டால் சில முடிவுகளுக்கு நிதானமாக வர முடிகிறது. காற்றியக்க வாதம் பழைய காருக்கு மிகக் குறைவாகவே பொருந்துகிறது. பாதுகாப்பு வாதம் ஒட்டுமுறையை ஆதரிக்கிறது, சமமட்டத்தை அல்ல. சமமட்டத்துக்கு உண்மையான ஆதாரம் அழகியல் மட்டுமே. அதை மறைக்காமல் சொல்லிச் செய்வதே நேர்மை. மூலவடிவ வாதம் அரிய கார்களிலும், மூலத்தகடு பெரும்பாலும் மிஞ்சியுள்ள கார்களிலும் மேலோங்கி நிற்கிறது. ஏராளமாகத் தயாராகி, ஏற்கெனவே பெருமளவு மாற்றப்பட்ட, தனிச் சேஸிஸ் இல்லாத ஒற்றைக்கூட்டு உடலுள்ள காரில் அதன் பிடி தளர்கிறது.

விவாதத்தின் அடியில் ஒரு கேள்வி கிடக்கிறது. கண்ணாடிக்கும் தகட்டுக்கும் இடையிலான அளவுப்பிழையை யார் சுமப்பது? பழைய முறையில் ரப்பர் சுமந்தது. தொழிற்சாலைச் சமமட்டத்தில் துல்லியமான அச்சுகள் சுமக்கின்றன. பட்டறையில் கட்டும் சமமட்டத்தில் கைவினைஞரின் உழைப்பு இன்றைக்குச் சுமக்கிறது, கண்ணாடி உடையும் நாளில் அடுத்த உரிமையாளர் சுமக்கிறார்.

இன்னும் தீராதவை மூன்று. தனித்தனியாக மாற்றப்படும் கார்கள் மோதல் சோதனைக்கு உட்படுவதில்லை. ஆகவே அவற்றின் பிடிமானம் பற்றிய எந்த உறுதிமொழியும் ஊகமாகவே நிற்கிறது. வெயிலில் கிடக்கும் பசைவிளிம்பு பல பத்தாண்டுகளில் எப்படி முதிரும் என்பது காலம் சொல்ல வேண்டியது. உடற்கூட்டு மாற்றத்தின் எல்லை எது என்பதில் நாட்டுக்கு நாடு சட்டம் ஒன்றுபடவில்லை.

இந்த மாற்றத்தை மேற்கொள்ள முடிவெடுப்பவர் நான்கு கடமைகளை ஏற்க வேண்டும். வெல்டு செய்வதற்கு முன் மூல விளிம்பை அளந்து படமெடுத்து வைக்க வேண்டும். பசை பிடிக்கும் தளத்தில் பட்டி இருக்கவே கூடாது. வெட்டிய கண்ணாடியின் அச்சை முழு அளவில் எடுத்து, முடிந்தால் இன்னொரு கண்ணாடியையும் சேர்த்துச் செய்து, காரோடு பாதுகாக்க வேண்டும். கழற்றிய பட்டைகளையும் கிளிப்களையும் எறியாமல், கார் கைமாறும்போது அவற்றையும் உடன் கொடுத்தனுப்ப வேண்டும்.